நீ யாரு மகன்?

ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினம். விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் கையில் அட்டை பிடித்து வரிசையாகப் போவார்கள். உறுதிமொழி, ரங்கோலிக்குப் பரிசு, கடைசியில் பேச்சு. 2011இலிருந்து ஊருக்கு ஊர் இதேதான். மேடையில் ஆள் மாறுவார், ஒரு வாக்கியம் மட்டும் மாறாது: “இன்றைய இளைஞர்களுக்குப் பொது விஷயத்தில் அக்கறையே இல்லை. பள்ளியில் குடிமையியலை நாம் ஒழுங்காகச் சொல்லித்தராததுதான் காரணம்.” வெயிலில் நின்ற பிள்ளைகளும் சேர்ந்தே கைதட்டுவார்கள்.

இந்தக் கருத்துக்கு இன்று எதிராளியே கிடையாது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நடுப்பக்கக் கட்டுரையாளர் எல்லோருக்கும் ஒரே குரல். பாடவேளையைக் கூட்டு, மாதிரி நாடாளுமன்றம் நடத்து, முகவுரையை மனப்பாடம் செய்யவை, பையன் குடிமகனாகிவிடுவான். நானும் பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இப்போது சொல்கிறேன், இது தப்பு. திருடனை விட்டுவிட்டுச் சாட்சி சொல்ல வந்தவனை லாக்கப்பில் வைக்கிற வேலை.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாநகராட்சிகளில் பதிவான வாக்கு 52 சதவீதம். காரியாபட்டி, மல்லாங்கிணறு மாதிரியான பேரூராட்சிகளில் ஏறக்குறைய 75. சென்னை 44ஐக்கூடத் தொடவில்லை. பெரிய பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சென்னையில் என்ன பஞ்சம்? பாடம்தான் மனிதனை வாக்குச்சாவடிக்கு இழுத்து வருகிறதென்றால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? பேரூராட்சியில் ஓட்டுப் போடுகிறவருக்கு வார்டு மெம்பரின் வீட்டுத் திண்ணை தெரியும். குழாயில் காற்று மட்டும் வந்தால் யார் வாசலில் போய்க் குடத்தை வைப்பது என்று தெரியும். ஓட்டுக்குத் துட்டு கொடுப்பதால்தான் கூட்டம் வருகிறது என்று சிலர் சிரிப்பார்கள். துட்டு செங்கல்பட்டோடு நின்றுவிடுகிறதா என்ன?

அடுத்து, “சொல்லித்தருவதே இல்லை” என்ற புலம்பல். புத்தகத்தைப் புரட்டாதவர்கள் பேசுகிற பேச்சு அது. ஆறாம் வகுப்பிலேயே உள்ளாட்சிக்குத் தனிப்பாடம், ஊரகம் வேறு நகர்ப்புறம் வேறு என்று பிரித்து. ஒன்பதில் மனித உரிமைகள், தேர்தல், அழுத்தக் குழுக்கள், மறுபடியும் உள்ளாட்சி. பத்தில் அரசியலமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு எல்லாம் தாண்டி வெளியுறவுக் கொள்கை வரைக்கும் போகிறது. 2018இலிருந்து வந்த இந்தப் புத்தகங்கள் எனக்குப் பிடித்தே இருக்கின்றன. குறை புத்தகத்தில் இல்லை.

குறை எங்கே என்று பார்க்க ஒரு பிள்ளையின் வயதைக் கணக்குப் போட்டால் போதும். 2016 ஜூனில் காரியாபட்டியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை. அந்த அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, வழக்கு, வார்டு மறுவரையறை, மறுபடி வழக்கு. சுற்றியிருந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் கடைசியில்தான் தேர்தல் வந்தது. பேரூராட்சிக்கு மன்றம் அமைந்தது 2022 மார்ச்சில். அப்போது அந்தப் பிள்ளை பிளஸ் ஒன். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் “பேரூராட்சி மன்றத்தின் பணிகள் யாவை?” என்ற கேள்விக்குப் பதில் எழுதிய காலத்தில் அதன் ஊரில் மன்றம் என்று ஒன்று கிடையாது, தனி அலுவலர் இருந்தார். உயிரியல் பாடத்தில் டைனோசரைப் படிப்பது மாதிரி குடிமையியலில் கவுன்சிலரைப் படித்திருக்கிறது. அதற்கப்புறமாவது திருந்தினோமா? 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. திரும்பவும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்ல. குடிமையியலில் ஃபெயில் ஆனவர்கள் யார் என்று கேட்டால் நான் கையை வேறு பக்கம் நீட்டுவேன்.

இனி நான் பார்த்த ஒன்று. ஊர்ப் பெயர் வேண்டாம். காரியாபட்டி ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி. கிராம சபைக் கூட்டம், மந்தைப் புளியமரத்தடியில். முன்பு வருஷத்துக்கு நான்கு தடவைதான், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. 2022இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு. வாடகை நாற்காலிகள், பிளக்ஸ், பேப்பர் கப்பில் டீ. கூட்டம் தொடங்குமுன்பே கையெழுத்து நோட்டு சுற்றி வந்துவிட்டது. குறைவெண் வரம்பு நிறைய வேண்டுமே. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் தீர்மானங்களை வரிசையாக, மூச்சுவிடாமல் வாசித்தார்.

பின்வரிசையில் ஒரு பையன். பத்தாவது படிக்கிறான் என்று பிறகு தெரிந்தது. எழுந்து நின்றான். “தண்ணித் தொட்டியக் கழுவுன தேதின்னு தூண்ல எழுதிருக்குல்ல, அதுக்குப் பெறகு கழுவவே இல்லண்ணே. அதுல போட்டுருக்க தேதிக்கு ஏழு மாசம் ஆச்சு.”

கேள்வி சுத்தமான கேள்வி. புத்தகத்தில் சொன்ன இடத்தில், சொன்ன நாளில், பொதுக் குடிநீரைப் பற்றிக் கேட்டிருக்கிறான். பாடநூல் எழுதியவர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். மேசைக்குப் பின்னாலிருந்து வந்த பதில், “தம்பி, நீ யாரு மகன்?”

பையன் அப்பா பெயரைச் சொன்னான். “ஓ, அந்தத் தெருவா” என்றார் ஒருவர். அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. முப்பது வார்த்தைகூட இல்லாத உரையாடல். அதில் எத்தனை பாடம்! கேள்விக்கு எடை கிடையாது, கேட்கிறவனின் தெருவுக்குத்தான் எடை. வயதில் சின்னவன் பேசக்கூடாது. கேட்டால் பதில் வராது, விசாரிப்பு வரும். அன்று சாயங்காலமே அவன் அப்பாவை டீக்கடையில் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, “பையனப் படிக்கச் சொல்லுப்பா, இதெல்லாம் அவனுக்கு எதுக்கு” என்று அன்பாகவே சொன்னாராம். மிரட்டல் இல்லை. மிரட்டியிருந்தால்கூடப் பையனுக்கு வீம்பு வந்திருக்கும்.

இப்போது சொல்லுங்கள். இந்தப் பையனுக்கு எந்தப் பாடம் குறைவு? அவனுக்குக் குடிமைக் கல்வி கிடைக்கவில்லை என்கிறீர்களே, முழுசாகக் கிடைத்திருக்கிறது. புளியமரத்தடியில், செய்முறையோடு, அப்பாவை வைத்துத் தேர்வும் நடத்தி. வகுப்பில் வாரத்துக்கு ஒரு பாடவேளை வாத்தியார் சொல்வதையும் இதையும் தராசில் வைத்தால் எது தாழும்? இதற்கப்புறம் அவன் கூட்டத்துக்கு வராமலிருந்தால் அதை அக்கறையின்மை என்று நான் சொல்ல மாட்டேன். படித்த பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டான் என்பேன்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வாதத்தின் வாசனை நன்றாகத் தெரியும். பட்டாசு ஆலை வெடிக்கும்போதெல்லாம் வருகிற வாசனை அது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம், சிவகாசி முதலிப்பட்டியில் 38 பேர் போனார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களுமே அதில் நிறையப் பேர். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அறிவிப்பு ஒன்றுதான்: தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு முகாம். மருந்து அறையில் எத்தனை பேர் இருக்கலாம், உராய்வு பட்டால் என்ன ஆகும் என்று இருபது வருஷம் மணி மருந்து அடைத்த அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆள் உட்கார்ந்தால் “நான் எந்திரிச்சுப் போறேன்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அதே வேனில் ஏற முடியுமா என்பதுதான் அவருக்குத் தெரியாதது. உரிமம் ஒருவர் பெயரில், உள்குத்தகை இன்னொருவர் கையில், ஆய்வுக்கு வர வேண்டியவர் எங்கேயோ. விழிப்புணர்வு என்ற சொல் இந்த மூவரையும் கழற்றிவிட்டு, கருகிய கையைப் பார்த்து “உனக்குத்தான் தெரியவில்லை” என்கிறது. குடிமைக் கல்வி வேண்டும் என்ற கூச்சலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எளியவனின் அறியாமையைக் கண்டுபிடித்துவிட்டால் வலியவனின் வேலையை யாரும் கேட்க மாட்டார்கள்.

காரியாபட்டிக்கே வருகிறேன். 2024 மே 1, ஆவியூர் பக்கம் கீழஉப்பிலிக்குண்டில் கல்குவாரிக்கு வந்த வெடிபொருள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் உடல் சிதறிச் செத்தார்கள். அன்றைக்கு நாட்காட்டியில் கிராம சபை நாள். குவாரியை நிரந்தரமாக மூடச் சொல்லி ஊர்க்காரர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். பொது வாழ்வில் ஈடுபாடு இல்லை என்று யாரைச் சொல்கிறோமோ அவர்கள் வெயிலில் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நம் கணக்கில் மறியல் குடிமைப் பண்பு ஆகாது, ரங்கோலி ஆகும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மெரினாவிலும் ராத்திரி பகலாக உட்கார்ந்த பிள்ளைகளை, உட்கார்ந்தவரைக்கும் உச்சி முகர்ந்தோம். எழுந்து போக மறுத்ததும் தடியடிதான். ஈடுபாடு இல்லை என்று புலம்புகிற அதே வாய், ஈடுபாடு வந்ததும் “படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு” என்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் என்ற ஒன்றைக் கண்ணில் காண முடியாது. பதினெட்டில் ஓட்டு, இருபத்தொன்றில் வார்டு மெம்பருக்கு நிற்கலாம், ஆனால் வகுப்புத் தலைவனை மட்டும் வாத்தியார்தான் நியமிப்பார்.

நம் பையன்களுக்கு நிர்வாகம் வராது என்பவர்களை நான் பங்குனி, சித்திரை மாதத்தில் ஊருக்குள் கூட்டிப்போக ஆசைப்படுகிறேன். அம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி. எந்த வீடு கொடுத்தது, எது பாதி கொடுத்தது, எந்த வீட்டில் ஆள் திருப்பூரில் இருக்கிறான், எல்லாம் நோட்டில் இருக்கும். கரகம், மேளம், ரேடியோ செட், ஜெனரேட்டர், போலீஸ் அனுமதி என்று இருபது வயசுப் பையன்கள் ஓடுவார்கள். கடைசி நாள் மைக்கில் வரவு செலவை ரூபாய் வரைக்கும் வாசிப்பார்கள். ஐம்பது ரூபாய் உதைத்தால் கூட்டம் விடாது. வெளிப்படைத்தன்மைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஊராட்சிக் கணக்கும் இப்படி மைக்கில் வாசிக்கப்பட்டு, யாராவது எழுந்து குறுக்குக் கேள்வி கேட்டு, அதற்குப் பதிலும் வந்தால் அதே பையன்கள் அங்கேயும் முன்வரிசையில் இருப்பார்கள்.

இதை ரொம்பவும் கொண்டாடிவிடவும் முடியாது. அந்த நோட்டில் யார் பெயர் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். சில தெருக்களிடம் வரி வாங்கவே மாட்டார்கள். வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டிவரும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட நான்காவது ஊர் கொட்டக்கச்சியேந்தல் நம் விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதிலிருந்து 2006 வரை இந்த ஊர்களில் தேர்தல் தேர்தலாக நடக்கவில்லை. மனு வராது, வந்தாலும் ஜெயித்தவர் பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா எழுதித் தருவார். அந்தப் பத்து வருஷமும் அங்கேயும் பள்ளிக்கூடம் திறந்திருந்தது, அதிலும் சமத்துவம் என்ற பாடம் இருந்தது, பிள்ளைகள் அதற்கு மதிப்பெண் வாங்கினார்கள். 2006 அக்டோபரில் முடிச்சு அவிழ்ந்ததற்குப் பாடத்திட்ட மாற்றம் காரணமா? அரசு மனசு வைத்தது, அதிகாரிகள் ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசினார்கள், தேர்தல் நடந்தது. தலித் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததை அந்த ஊர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

இங்கே யாராவது காமராஜரை இழுத்துவருவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் கல்வியைப் பற்றிய எந்தப் பேச்சும் அவர் படத்துக்கு மாலை போடாமல் முடியாது. சரி, அவரையே பார்ப்போம். விருதுபட்டியில் அவர் படித்த பள்ளி, வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசியில் நடந்தது. நம் அரிசி அதில் இருக்கிறது, ஆகவே அது நம் பள்ளி என்ற நினைப்பை யாரும் வகுப்பெடுத்துப் புகட்டவில்லை. (அது ஓர் உறவின்முறையின் ஏற்பாடு, ஊர் முழுமைக்கும் பொதுவான நிர்வாகம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.) காமராஜர் படிப்பை இடையிலேயே விட்டவர். மாமன் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து, பொதுக்கூட்டங்களில் நின்று, ஜெயிலில் கிடந்து கற்றவர். 1941இல் சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்வானார். வெளியே வந்ததும், முழுசாகக் கவனிக்க முடியாத பதவி எனக்கு வேண்டாம் என்று விலகிவிட்டார். பதவி என்றால் என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய விளக்கம் இல்லை, அதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அதே விருதுநகரில் 1967இல் அவரைத் தோற்கடித்தவர் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்து வந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டு. காமராஜர் பள்ளிகளைத் திறந்தார், அந்தப் பள்ளிகளின் தலைமுறை 1965இல் தெருவுக்கு வந்தது, இரண்டு வருஷத்தில் அவர் கட்சியையே வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் போராட்டத்துக்கான பாடமும் எந்தக் குடிமையியல் புத்தகத்திலும் இருந்திருக்க முடியாது. புத்தகம் போட்டது காங்கிரஸ் அரசு. எழுத்தறிவு பள்ளியில் வந்தது. அரசியல் வெளியே வந்தது. எனக்குக் காமராஜர் மேல் மரியாதை கூடுவதே இந்த இடத்தில்தான்.

எதிர்த்தரப்பில் கனமான வாதமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேடையில் பேசுகிறவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். 1968இல் அமெரிக்காவில் லாங்டன், ஜென்னிங்ஸ் என்ற இருவர் உயர்நிலைப் பள்ளிக் குடிமைப் பாடம் மாணவர்களை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்று ஆராய்ந்தார்கள். பெரும்பாலான மாணவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் கறுப்பின மாணவர்களிடம் இருந்தது. வீட்டிலும் தெருவிலும் கிடைக்காத ஒன்று அவர்களுக்கு வகுப்பில் கிடைத்திருக்கிறது. இதை நான் ஒதுக்கிவிட முடியாது. என் பின்வரிசைப் பையனின் தெருவுக்கு இது நேராகப் பொருந்துகிறது. மதுரையில் மக்கள் கண்காணிப்பகம் 1997இலிருந்து பள்ளிகளுக்குள் மனித உரிமைக் கல்வியைக் கொண்டுபோனபோது, தீண்டாமை என்ற சொல்லை வகுப்பறையில் வெளிப்படையாகச் சொன்னதே பல பிள்ளைகளுக்குப் பெரிய திறப்பு. ஒரு சொல் கிடைப்பது சின்ன விஷயமல்ல. என்ன கேட்பது, எந்தப் பெயரில் கேட்பது என்று தெரிகிறது.

அதனால்தான் என் கோபம் இன்னும் கூடுகிறது. சொல்லைக் கொடுத்துவிட்டு, அதைச் சொன்ன வாயை அடைக்கிறோமே! தொட்டியைப் பற்றிக் கேட்டவனுக்குத் தைரியத்தைக் கொடுத்தது ஒருவேளை அவனுடைய வகுப்பாசிரியர்தானோ என்னவோ. அப்படியானால் ஆசிரியர் தன் வேலையைச் செய்துவிட்டார். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் செய்யவில்லை. இதற்கு மருந்தாக அந்த ஆசிரியருக்கே இன்னொரு பயிற்சி முகாம் வைப்பது எந்த ஊர் நியாயம்?

கர்நாடகத்தில் 2006 முதல் அரசு உத்தரவின்படி சிறுவர்களுக்கென்றே கிராம சபை கூட்டுகிறார்கள். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சான்றிதழ் தரவில்லை. ஆனால் அதில் பயிற்சி பெரியவர்களுக்கு. பிள்ளைகள் கேட்பார்கள், ஊராட்சி பதில் சொல்ல வேண்டும், செய்தாயா இல்லையா என்று அடுத்த கூட்டத்தில் கணக்குக் கேட்பார்கள். நம்மிடம் அந்த வாய்ப்பு இல்லாமல் இல்லை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுபடி அமைத்தபோது அம்மாக்கள் தலைவர்களாக வந்தார்கள்; கழிப்பறைக் கதவுக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போட்ட பள்ளிகள் உண்டு. தீர்மானம் போட்ட மாதமே கதவு வந்த பள்ளியில் படிக்கிற பிள்ளையையும், வருஷம் தாண்டியும் சாக்குத் தொங்குகிற பள்ளியில் படிக்கிற பிள்ளையையும் ஒரே கேள்வித்தாளை வைத்து அளக்கிறோம்.

மாணவனுக்கு மதிப்பெண் போடுகிற மாதிரி ஊராட்சிக்குப் போடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. எத்தனை கேள்வி வந்தது, எத்தனைக்குப் பதில் போனது, யார் மகன் என்று எத்தனை தடவை கேட்கப்பட்டது. பெயிண்டில் எழுதிப் போட நம்மிடம் தூண்கள் நிறைய இருக்கின்றன.

அந்தப் பையனைப் போன பங்குனியில் மறுபடி பார்த்தேன். அவன் தெருவுக்கென்று ஒரு சின்னக் கோயில். பொங்கலன்று மைக்கைப் பிடித்து நின்றான். வரவு செலவு வாசிக்கிறான். ஜெனரேட்டருக்கு இவ்வளவு, மைக் செட்டுக்கு இவ்வளவு, பூமாலை, எலுமிச்சம்பழம், ஆட்டோ. ஒரு கிழவி குறுக்கே, “ஏப்பா, எலுமிச்சம்பழம் இம்புட்டு வெலையா?” என்றார். “பில்லு இருக்கு அப்பத்தா, இந்தா பாரு” என்று சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினான். பாட்டி கண்ணாடியைத் தேடினார். அவனுக்குப் பின்னால் டியூப் லைட் வெளிச்சத்தில் தண்ணீர்த் தொட்டி நின்றது. தூணில் அதே தேதி.